மாஸ்டா ஆர்எக்ஸ்-8: ரோட்டரி என்ஜின் காரை வாங்குவதும் காப்பாற்றுவதும்

ஹிரோஷிமாவில் 2003 முதல் 2012 வரை தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-8, இன்றைய பழைய கார் சந்தையில் அதன் தகுதிக்கு மிகவும் குறைந்த விலைக்குக் கைமாறுகிறது. பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிரப்பட்ட எடை, நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை தயங்காமல் ஏறும் என்ஜின், நான்கு பேர் உண்மையாகவே உட்காரக்கூடிய இடம் ஆகிய அனைத்தும் ஒரே வண்டியில் அமைந்திருந்தும் விலை இறங்கியிருப்பதற்குக் காரணம், அதன் ரோட்டரி என்ஜினைப் பற்றிய அச்சம்தான். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கெட்டுப்போன ஆர்எக்ஸ்-8 என்ஜின்களில் பல, சாதாரண காரைப் போலவே நடத்தப்பட்டதால் கெட்டவை. இந்த என்ஜினுக்கு எவை எவை ஆகாது என்று தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு, இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு நுட்பமான ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது அரிது.

பராமரிப்பு முறைகள் ஒவ்வொன்றும் என்ஜினின் அமைப்பிலிருந்தே பிறப்பதால், முதலில் அந்த அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிட வேண்டும். 13பி-எம்எஸ்பி என்ற குறியீடும் ரெனிசிஸ் என்ற பெயரும் கொண்ட இந்த என்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் இல்லை. முட்டை வடிவத்தை ஒத்த இரண்டு கூடுகளுக்குள், பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம் போன்ற ஒவ்வொரு ரோட்டர் சுழல்கிறது. ஓர் அறை 654 சிசி வீதம் இரண்டுக்கும் சேர்த்து 1,308 சிசி. ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டைகளும், இருபக்கங்களிலும் வளைந்த சைடு சீல்களும் வில்லின் விசையால் கூட்டின் சுவரோடு அழுந்தி உரசிக்கொண்டே போகின்றன. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை வெளியேறாமல் அடைத்து வைப்பது இந்தச் சீல்கள் மட்டுமே. முந்தைய ஆர்எக்ஸ்-7 என்ஜின்களில் ரோட்டர் கூட்டின் சுற்றுச்சுவரில் இருந்த புகைபோக்கித் துளையை, ரெனிசிஸில் மாஸ்டா பக்கச் சுவருக்கு மாற்றியது. இதனால் எரியாத பெட்ரோல் வெளியேறுவது குறைந்தது; 2003ஆம் ஆண்டின் சிறந்த சர்வதேச என்ஜின் என்ற விருதும் கிடைத்தது. அதே மாற்றத்தால், சைடு சீல்கள் ஒவ்வொரு சுற்றிலும் சூடான புகைத்துளையைக் கடந்து செல்ல வேண்டியதாயிற்று. அங்கே கரி படிவது அவற்றின் ஆயுளைப் பாதிக்கும் விஷயமாகவும் ஆயிற்று.

ஆகவே இந்த வண்டியை வாங்கும்போது பெயின்ட்டையோ, இருக்கைகளையோ, ஓடிய கிலோமீட்டரையோ பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வட அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனமே ரோட்டரி என்ஜினின் மையப் பகுதிக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்துப் பல வண்டிகளுக்கு என்ஜினை மாற்றிக் கொடுத்திருக்கிறது. அதனால் 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்குள் பாதி வயதுள்ள என்ஜின் இருக்கலாம். 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, பெரும்பாலும் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே அலைந்த வண்டியின் என்ஜின் தேய்ந்து கிடக்கலாம். உண்மையைச் சொல்வது, அறைக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை ஒன்றுதான். அதையும் ரோட்டரிக்கென்றே செய்யப்பட்ட கருவியால் எடுக்க வேண்டும். பிஸ்டன் என்ஜினுக்கான சாதாரண அளவுமானி, ஒரு ரோட்டரின் மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நிற்கும். மற்ற இரண்டில் ஒன்று செத்திருந்தாலும் அது சொல்லாது. ரோட்டரிக் கருவி, இரண்டு ரோட்டர்களுக்கும் மும்மூன்றாக ஆறு எண்களையும், சோதனையின்போது ஸ்டார்ட்டர் என்ஜினை எந்த வேகத்தில் சுற்றியது என்பதையும் தரும். அந்த எண்களை நிமிடத்துக்கு 250 சுற்று (ஆர்பிஎம்) வேகத்துக்குச் சரிக்கட்டிய பிறகு, எதுவும் 680 கிலோபாஸ்கலுக்கு, அதாவது சுமார் 6.8 பாருக்கு, கீழே இருக்கக் கூடாது என்பதே மாஸ்டா வகுத்த எல்லை. நல்ல நிலையிலுள்ள என்ஜின் 8 பாரை ஒட்டிக் காட்டும். ஆறும் எல்லைக்கு மேலே இருந்தாலும், ஒரே ரோட்டருக்குள் ஒரு பக்கம் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு சீல் தளர்ந்துவருகிறது என்று கொள்ளுங்கள். சோதனை, என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் நடக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் எடுத்த எண்ணைக் காட்டும் விற்பனையாளரிடம் மறுபடி எடுத்துத் தரச் சொல்வதில் தவறில்லை.

கருவி கிடைக்கும் முன்பே ஒரு முதற்கட்டப் பரிசோதனையை நாமே செய்யலாம். வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடியில் பிடித்துக்கொண்டால் நல்ல அறிகுறி. சூடான நிலையில் மட்டும் நெடுநேரம் சுற்றிச் சுற்றியே பிடிக்கிறது என்றால், சீல்களின் அடைப்பு போய்க்கொண்டிருக்கிறது. இதைத் தவிர்ப்பதற்காகவே சிலர் நாம் வரும் முன்பு என்ஜினைத் தொடாமல் குளிர வைத்திருப்பார்கள். சிலர் வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரைப் பொருத்தி இந்தக் குறையை மறைத்திருப்பார்கள். வலிமையான ஸ்டார்ட்டர் நல்ல பாகம்தான், ஆனால் அது எதற்காக மாற்றப்பட்டது என்று கேட்டுவிடுங்கள்.

எந்த வகையை வாங்குவது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2008இல் வந்த திருத்தப்பட்ட பதிப்பில் ஒவ்வொரு ரோட்டர் கூட்டுக்கும் ஆயில் செலுத்தும் துளைகள் இரண்டிலிருந்து மூன்றாக்கப்பட்டன. ஆயில் அழுத்தமும் உயர்த்தப்பட்டது. பணம் இடம் கொடுத்தால் அதையே தேடுங்கள். இல்லாவிட்டால், முந்தைய பதிப்பில் ஆறு கியர் கொண்ட உயர்திறன் வகையை எடுக்கலாம். பிரிட்டனில் அது 231 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வகை ஓட்டுவதற்குச் சுகமானது என்றாலும், அதில் என்ஜின் உயர் வேகத்தை எட்டும் வாய்ப்பு குறைவாக இருப்பதால் கரி சேர்வது கூடுகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற எண்ணத்தில் வாங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிட்டனில் 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டிகளுக்கு ஆண்டு வரி ஒரு குறிப்பிட்ட படிநிலையோடு நின்றுவிடும். அதற்குப் பின் பதிவானவை, கார்பன் டை ஆக்சைடு அளவு மிகுதியாக இருப்பதால், மிக உயர்ந்த படிநிலையில் விழுகின்றன. ஒரே தோற்றமுள்ள இரண்டு வண்டிகளுக்குள் இந்தத் தேதி ஒன்றினால் ஆண்டுதோறும் கணிசமான வேறுபாடு வரும். ஜப்பானில் ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்கி வரி கணக்கிடுவதால், 1,308 சிசி என்று ஏட்டில் இருந்தாலும் இரண்டு லிட்டர் காருக்குரிய வரியே கட்ட வேண்டும். முதல் பதிவுக்குப் பின் 13 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அது மேலும் கூடும். பெட்ரோல் செலவு பற்றி மறைக்க ஒன்றுமில்லை: நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டியே எதிர்பார்க்கலாம்.

வாங்கியபின் முதலில் பழக வேண்டியது ஆயில். ஏபெக்ஸ் சீல்கள் வறண்டு உரசாமல் இருப்பதற்காக, சிறு பம்பு ஒன்று என்ஜின் ஆயிலையே அளந்து எரியும் அறைக்குள் செலுத்துகிறது. எனவே ஆயில் குறைவது இந்த வண்டியில் கோளாறு அல்ல, வடிவமைப்பு. ஆயிலே குறையாத ஆர்எக்ஸ்-8தான் கவலைக்குரியது. செலுத்தும் குழாய்கள் அடைத்திருக்கக்கூடும். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறை ஆயில் அளவைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சூடான என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் நீளமானது, எடுக்கவும் துடைக்கவும் சற்றுச் சிரமம் தருவது; அந்தச் சிரமத்தினாலேயே பலர் எச்சரிக்கை விளக்குக்காகக் காத்திருக்கிறார்கள். விளக்கு எரியும் வரை காத்திருக்கக் கூடாது. அதேபோல் மேல் குறியைத் தாண்டி ஊற்றவும் கூடாது, மிகுதியான ஆயில் காற்றுக்குழாய் வழியே உள்ளே இழுக்கப்பட்டுப் புகையாகும்.

ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அவ்வளவு ஓடாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது என் பரிந்துரை. கம்பெனி கையேட்டில் அதைவிட நீண்ட இடைவெளி இருக்கலாம். ஆனால் இங்கே ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நின்றுவிடாமல் எரிந்தும் போகிறது, பெட்ரோலும் அதில் கலக்கிறது. கீழே உள்ள போல்ட்டைத் திறந்தால் எல்லா ஆயிலும் வந்துவிடாது. முன்பக்க பம்பரின் கீழ் மூலைகளிலுள்ள ஆயில் கூலர்களிலும் குழாய்களிலும் கணிசமான பகுதி தங்கிவிடும். புதிய ஆயில் பழையதோடு கலந்தே ஓடுகிறது என்பதாலும் அடிக்கடி மாற்றுவது நல்லது. ஐரோப்பாவில் 5டபிள்யூ-30 தரம் குறிக்கப்பட்டது. சிந்தெட்டிக்கா மினரலா என்ற வாதம் உரிமையாளர்களிடையே ஓய்வதே இல்லை. எதுவானாலும் சாம்பல் குறைவாக எரியும் நல்ல தயாரிப்பாக இருப்பதும், காலம் தவறாமல் மாற்றுவதும் அந்த வாதத்தைவிட முக்கியம் என்பது என் முடிவு.

பெட்ரோலோடு டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சிறிதளவு கலப்பதும் பரவலான வழக்கம். மாஸ்டா அதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆயில் செலுத்தும் துளைகள் குறைவாக உள்ள முதல் பதிப்பில், சீல்களின் மையப்பகுதியில் மட்டும் ஆயில் போதாமல் தேய்வு தெரிவதால், கலப்பதில் பொருள் இருக்கிறது. 50 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி லிட்டர், அதாவது 250க்கு ஒரு பங்கு, போதுமானது. புகை குறைவான ஜாசோ எஃப்டி தர ஆயிலை, பெட்ரோல் நிரப்பும் முன்பே டேங்கில் ஊற்றிவிட்டால் பெட்ரோல் விழும் வேகத்தில் தானாகவே கலந்துவிடும்.

அடுத்தது ஸ்டார்ட் செய்யும், அணைக்கும் பழக்கம். குளிர்ந்த ரோட்டரி என்ஜினுக்குத் தொடக்கத்தில் தாராளமாகப் பெட்ரோல் செலுத்தப்படுகிறது. வாசலில் நிற்கும் வண்டியை நான்கடி தள்ளி நிறுத்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால், அந்தப் பெட்ரோல் எரியாமல் அறைக்குள் தேங்கி, சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, பிளக்குகளை நனைத்துவிடும். மறுமுறை வண்டி பிடிக்காது. ஆகவே ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் வெப்பமுள் நடுவுக்கு வரும் வரை அணைக்காதீர்கள். வண்டியை இடம் மாற்ற மட்டும் வேண்டுமென்றால், கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் தள்ளுவது நல்லது. தவறிப் பெட்ரோல் தேங்கிவிட்டால், ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்; அந்த நிலையில் பெட்ரோல் செலுத்துவதை வண்டியின் கணினி நிறுத்திவிடும், தேங்கியது வெளியேறும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல், இடையில் ஸ்டார்ட்டர் ஆற நேரம் கொடுங்கள். பேட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டரின் வேகம் குறைந்து இதே தொல்லை வரும் என்பதால், பேட்டரியை முற்றிலும் சாகும் வரை வைத்திருப்பது இந்த வண்டியில் சிக்கனம் ஆகாது.

என்னைக் கேட்டால், ஆர்எக்ஸ்-8 என்ஜின்களின் அகால முடிவுக்குப் பெரிய காரணம், பிளக்குகள் பொறி விடுவதற்கான மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயில்கள். நான்கு பிளக்குகளுக்கும் தனித்தனியாக நான்கு காயில்கள் என்ஜினின் வெப்பத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. அவை ஒரே நாளில் சாவதில்லை, மெல்ல மெல்ல வலுவிழக்கின்றன. பொறி வலுவிழந்தால் கலவை முழுதாக எரியாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சூடான புகை என்ஜினுக்குள்ளேயே அழுத்தம் கொடுத்து சீல்களையும் அவற்றின் வில்களையும் கெடுக்கும். நான்கு காயில்களின் விலையை ஒரு புதிய என்ஜினின் விலையோடு ஒப்பிட்டால், 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை காயில், பிளக், வயர் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது எவ்வளவு மலிவு என்பது விளங்கும். பழைய வண்டியை வாங்கியவர், முந்தையவர் மாற்றியதற்கான பில் இல்லாவிட்டால், முதல் வாரமே மாற்றிவிடலாம்.

பிளக் மாற்றும்போது கவனம் தேவை. ஒவ்வொரு ரோட்டருக்கும் கீழே லீடிங், மேலே ட்ரெய்லிங் என்று இரண்டு வகைப் பிளக்குகள் உள்ளன; எல், டி என்ற எழுத்துகள் கூட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் வேறு வேறு வெப்பத் தரம் கொண்டவை, இடம் மாறக் கூடாது. முன்பக்கச் சக்கரத்தைக் கழற்றினால் பக்கவாட்டிலிருந்து எளிதாக எட்டலாம். அலுமினியக் கூட்டில் திருகுவதால், என்ஜின் ஆறிய பிறகே கழற்றி, புதியதைக் கையாலேயே பல சுற்று ஏற்றிவிட்டுப் பிறகு முறுக்குங்கள். ஓடும்போது என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால், பொறி தவறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகம் கூட்டாமல் ஓரம் கட்டிவிடுங்கள். வேகம் ஏற மறுப்பது, காலடித் தரை வழக்கத்துக்கு மீறிச் சுடுவது, அழுகிய முட்டை வாடை ஆகியவை கன்வெர்ட்டர் அடைபட்டதன் அடையாளங்கள்.

வெப்பம் இன்னொரு பகை. ரோட்டர் கூடுகள் அலுமினியம், அவற்றின் இடையே உள்ள பக்கத் தகடுகள் வார்ப்பிரும்பு. சூடேறும்போது இரண்டும் வேறு வேறு அளவில் விரிவதால், ஒரு முறை கடுமையாகச் சூடேறினாலே இடையிலுள்ள கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) சீல் விட்டுக்கொடுத்து, கூலன்ட் எரிப்பு அறைக்குள் கசியத் தொடங்கும். டேஷ்போர்டு வெப்பமுள்ளை நம்ப முடியாது. பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்குமாறு அது அமைக்கப்பட்டிருப்பதால், அது நகரும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கும். வண்டியின் கணினித் தகவலைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கி, கூலன்ட்டின் உண்மையான வெப்பநிலையைக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிக்கு வாங்கும் முதல் உதிரிப் பொருள் அதுவாகவே இருக்கட்டும். சாதாரணமாக 80க்கும் 100க்கும் இடையே நிற்கும். 110 டிகிரியை நெருங்கினால் ஏசியை அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கூலன்ட் பாட்டில் பிளாஸ்டிக்கால் ஆனது, வயதானால் விரிசல் விடும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்களும் அப்படியே. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலர்களுக்கும் முன்னால் இலைச்சருகும் பூச்சியும் சேர்ந்திருந்தால் ஆண்டுக்கொரு முறை எடுத்துச் சுத்தம் செய்வது அவசியம். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டன் போன்ற நாடுகளில், ஆயில் கூலருக்குப் போகும் உலோகக் குழாய்கள் துருப்பிடித்துக் கசிவதையும் கண்காணிக்க வேண்டும். ஆயில் அழுத்தம் ஒரு நிமிடம் இல்லாவிட்டாலும் என்ஜின் தாங்காது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகு, வண்டியை மென்மையாகவே ஓட்டிக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. நேர்மாறானதே உண்மை. உயர்திறன் என்ஜினில் காற்று நுழையும் வழிகள் வேகத்துக்கேற்பப் படிப்படியாகத் திறக்கின்றன. 3,750 ஆர்பிஎம் அளவில் ஒன்றும், 6,250 அளவில் மற்றொன்றும் திறக்கும். எப்போதும் 3,000க்குக் கீழேயே ஓட்டினால் அந்த அடைப்பான்கள் அசையாமல் கரியால் இறுகிவிடும், சைடு சீல்களும் தம் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் முழுதாகச் சூடேறும் வரை 4,000ஐத் தாண்டாமல் பொறுமை காத்து, அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் சாலை இடம் தரும்போது இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ எச்சரிக்கை மணி ஒலிக்கும் வரை ஒரு முறையாவது கொண்டுபோங்கள். இந்த ஓட்டத்தின் மகிழ்ச்சியும் என்ஜினின் ஆரோக்கியமும் ஒரே செயலில் அமைந்திருப்பதே இந்தக் காரை நான் நேசிப்பதற்கு முதற்காரணம்.

மற்ற பாகங்கள் அதிகம் தொல்லை தராதவை. பின்சக்கர வளைவுகளிலும் பக்கச் சட்டத்திலும் துரு வருகிறதா, சஸ்பென்ஷன் போல்ட்டுகள் புஷ்ஷுக்குள் இறுகிவிட்டனவா, முன்பக்கப் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் உண்டா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். முதல் பதிப்புகளில் கிளட்ச் பெடலைத் தாங்கும் சட்டம் விரிசல் விட்டு உடைவதுண்டு. பெடலில் கீச்சென்ற ஒலி கேட்டால் அதைப் பரிசோதித்துப் பற்றவைத்து வலுவாக்கிவிடலாம். ஸ்டியரிங் திடீரென்று கனத்தால், மோட்டாரை மாற்றுவதற்கு முன் அதன் மின் இணைப்புகளில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில்களை எவரும் நினைவில் வைப்பதில்லை. 50,000 கிலோமீட்டரில் இரண்டையும் மாற்றுங்கள். எடைப் பகிர்வு நுட்பமான வண்டி என்பதால் மலிவான டயர் உடனே தெரிந்துவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

எவ்வளவு கவனித்தாலும் என்றேனும் ஒருநாள் கம்ப்ரஷன் எல்லைக்குக் கீழே இறங்கும். ஆண்டுக்கொரு முறை சோதித்து எண்களைக் குறித்து வைத்திருப்பவருக்கு அது எப்போது என்று முன்பே தெரியும். பணத்தைச் சேர்க்கவும் அவகாசம் இருக்கும். பிரிட்டனில் என்ஜினைப் பிரித்துக் கட்டப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். ரோட்டரியை மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள். பழைய ரோட்டர் கூடுகளைத் திரும்பப் பயன்படுத்துகிறாரா, அவற்றின் உள்பூச்சு உரிந்திருந்தால் புதிது போடுவாரா, எந்தச் சீல்களைப் பொருத்துகிறார், முடித்தபின் ஆறு கம்ப்ரஷன் எண்களையும் எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் தேய்ந்த கூடுகளில் புதிய சீல்களைச் செருகுகிறார், அது நெடுநாள் நிற்காது. பிஸ்டன் என்ஜினை மாற்றி வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். என் பார்வையில், ரோட்டரி போனபின் மிஞ்சுவது வேறொரு கார். கட்டி முடித்த என்ஜினை முதல் 1,500 கிலோமீட்டருக்குக் கட்டுபவர் சொன்ன வேக எல்லைக்குள் ஓட்டி, அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதே சமயம் காயில், பிளக், கன்வெர்ட்டர், ரேடியேட்டர் நான்கையும் சோதித்து, பழைய என்ஜினைக் கொன்ற காரணம் எதுவோ அது வண்டியில் இன்னும் மிச்சமில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.